தோள் வலிக்கு ரெண்டு பவுண்டு குறைச்சல்: ஏடிபி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

உலக ஆண்கள் டென்னிஸ் சுற்றை நடத்தும் ஏடிபி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

நான் டென்னிஸ் மட்டைக்கு, அதாவது ராக்கெட்டுக்கு, நரம்பு கட்டுகிறவன்; கட்டிங் போடுகிறவன். உங்கள் ஊரில் ஸ்டிரிங்கிங் என்பார்கள். சென்னையில் கட்டிங் என்றால்தான் விளங்கும். (டாஸ்மாக் வாசலில் இதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, அது கிடக்கட்டும்.) நுங்கம்பாக்கம் மைதானத்தில் போட்டி நடக்கும் வாரங்களில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ராத்திரி வரை எழுந்திருக்க முடியாது. ஆட்டம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆட்டக்காரர்களின் முகம் பார்க்கக் கிடைக்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று என் மகள் கேட்கிறாள். உலகம் பூராவும் சுற்றுகிற நிறுவனத்துக்கு மொழிபெயர்க்க ஆளா கிடைக்காது?

சில வருடங்களுக்கு முன், உங்கள் இரண்டாம் நிலைப் போட்டியான சாலஞ்சர் நடந்த ஒரு வாரம். இரட்டையர் மட்டும் ஆடுகிற ஒரு பையன் தன் ராக்கெட்டோடு ஜோடிக்காரனின் ராக்கெட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். தன்னுடையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதை எடுத்து நீட்டி, "இது அவனோடதுண்ணே. எப்பவும் அம்பது பவுண்டு. இன்னிக்கு நாப்பத்தெட்டு போடுங்க. தோள் வலிக்குது, வெளியில சொல்ல மாட்டான்" என்றான். நரம்பை இழுத்துக் கட்டும் விசையைத்தான் பவுண்டில் சொல்வோம். இரண்டு பவுண்டு குறைத்தால் நரம்பு கொஞ்சம் தளர்ந்து பந்து தானாகத் துள்ளிப் போகும், தோளுக்கு அவ்வளவு வேலை இருக்காது. வலிக்காரனே வாய் திறக்காத விஷயம் இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடமும் வந்தான். கையில் வேறு ஒருவருடைய ராக்கெட். எத்தனை பவுண்டு என்று கேட்டேன். "இருங்கண்ணே, கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தான்.

பழைய ஜோடி என்ன ஆச்சு, சண்டையா என்று கேட்டேன். "சேச்சே. அவனுக்குத் தோள் ஆபரேஷன். நான் என் பாயிண்டைக் காப்பாத்தணும்ல."

எல்லோரும் ஜோடி உடைந்தால் சண்டை என்றுதான் நினைக்கிறார்கள். இத்தனை வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. பாதி ஜோடிகளை உடைப்பது உங்கள் விதிப் புத்தகம்.

உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடுவது இரண்டு பேர் சேர்ந்து. தரவரிசையோ ஆளுக்குத் தனித்தனி. ஒரு போட்டிக்குள் நுழைய இருவரின் தரவரிசை எண்களையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை அந்தப் போட்டியின் எல்லைக் கோடான கட்-ஆஃபுக்குள் வந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. ஜெயித்துச் சேர்த்த தரவரிசைப் பாயிண்ட் 52 வாரம்தான் தாங்கும், பிறகு உதிர்ந்துவிடும். இந்த நிலையில் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் மற்றவன் என்ன செய்வான்? காயம் பட்டவன் ஆறு மாதம் ஆடாமல் இருந்தால் அவனுக்குப் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்று ஒன்று கொடுக்கிறீர்கள்; திரும்பி வந்ததும் பழைய தரவரிசையை வைத்துப் போட்டிக்குள் நுழையலாம். நல்ல ஏற்பாடு. காயமே படாமல் துணையை இழந்து நிற்பவனுக்கு என்ன இருக்கிறது? திங்கட்கிழமைக்குள் புது வரன் பார்த்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு அவசரப்படுத்த மாட்டார்கள்.

இதே நுங்கம்பாக்கத்தில் 1997இல் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் கோப்பை வென்றார்கள். 1998, 1999இலும் அவர்களே. அந்த 1999இல் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் கைக்கு வந்தன. அதன்பிறகு பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். 2011இல் கடைசியாகச் சேர்ந்து வந்து சென்னைக் கோப்பையை இன்னொரு முறை தூக்கினார்கள். அந்த வருடம் முடிவதற்குள் அதுவும் முடிந்தது. யார் மேல் தப்பு என்று எங்கள் ஊர் டீக்கடையில் இன்றைக்கும் கட்சி கட்டுவார்கள். எனக்கு அந்த வம்பு வேண்டாம். அவர்களுக்கு நடுவில் தன்மானப் பிரச்சினை இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வருடத்தில் முப்பது வாரம் ஒரே ஓட்டல், ஒரே கார், ஒரே பிராக்டிஸ் கோர்ட், ஒரே தோல்வி என்றால் கூடப் பிறந்தவனோடுகூட மனஸ்தாபம் வரும். பிரையன் சகோதரர்கள் 119 பட்டம் வென்றார்களே என்பீர்கள். அவர்கள் இரட்டைப் பிள்ளைகள் ஐயா. எல்லோரும் ஜோடியைக் கூடவே பெற்றுக்கொண்டு வர முடியுமா?

ரோஹன் போபண்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில், 43 வயதில், மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓபன் வென்றார். அந்த வயதில் முதல் முறையாக உலகின் முதலிடத்துக்குப் போனவர் வேறு யாருமில்லை. முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய் ஐயங்கார் யோகாவில் கால் ஊன்றி நின்ற மனிதர். அந்த ஜோடியும் அந்த வருடக் கடைசியோடு பிரிந்தது. 2025இல் அவர் ஓய்வே பெற்றுவிட்டார்.

உச்சத்தில் இருப்பவர்களுக்கே இப்படி. பிரிட்டனின் ஜோ சாலிஸ்பரி இரட்டையரில் முதலிடத்தில் இருந்தவர், ராஜீவ் ராமோடு சேர்ந்து அமெரிக்க ஓபனைத் தொடர்ந்து மூன்று வருடம் வென்றவர். 2025இல் நீல் ஸ்குப்ஸ்கியோடு பாரிஸில் பிரெஞ்சு ஓபன், நியூயார்க்கில் அமெரிக்க ஓபன், டுரினில் வருடக் கடைசி ஏடிபி ஃபைனல்ஸ் மூன்றிலும் இறுதி ஆட்டம் ஆடினார். அந்த வருட முடிவில், மனப்பதற்றம் தாங்கவில்லை, கொஞ்ச காலம் விலகியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மூன்று பெரிய இறுதி ஆட்டம் ஆடிய மனிதருக்கு. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. போட்டி மாற்றிப் போட்டி சூட்கேஸோடு வந்து என் மேசை முன்னால் நிற்கிற, பெயர் தெரியாத பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

அலைச்சலைப் பற்றி ஒன்று. உங்கள் பெரிய போட்டிகளான மாஸ்டர்ஸ் ஒன்பதில் ஏழு போட்டிகளை 12 நாள் விழாவாக நீட்டிவிட்டீர்கள். டிக்கெட் விற்கும், டிவிக்காரர்களுக்கும் சந்தோஷம். இரட்டையர் ஆடுகிறவன் முதல் சுற்றிலேயே தோற்றால் அடுத்த போட்டி வரை என்ன செய்வான்? வீட்டுக்குப் போய்த் திரும்ப விமான டிக்கெட், அங்கேயே தங்கினால் ஓட்டல் பில். சென்னைக்காரனுக்கு கலிபோர்னியாவிலிருந்து வீட்டுக்குப் போவதென்றால் பக்கத்துத் தெருவா?

பணம் பேசினால் கோபிக்காதீர்கள். விம்பிள்டன் உங்கள் கையில் இல்லை, தெரியும். ஆனாலும் அளவு புரிய ஒரு கணக்கு: 2025 விம்பிள்டனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. இரட்டையரில் அதே முதல் சுற்றில் தோற்ற ஜோடிக்கு 16,500. அதையும் இரண்டாக வகுக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது பேஸ்லைன் திட்டம். 2024இல் அதைத் தொடங்கியபோது ஒற்றையரில் முதல் 250 பேருக்கு வருட வருமானத்துக்கு ஓர் அடித்தளம் போட்டீர்கள். முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர் உத்தரவாதம். கை தட்டினேன். இரட்டையருக்கு அந்த அடித்தளத்தில் ஒரு செங்கல்கூட இல்லை.

அவர்களுக்கு நீங்கள் கொடுத்தது அவசரம்தான். 2006 முதல் 40-40 என்று சமமாகி டியூஸ் வந்தால் ஒரே புள்ளியில் கேம் முடிந்துவிடுகிறது, மூன்றாவது செட்டுக்குப் பதிலாக பத்துப் புள்ளி ஆட்டமான சூப்பர் டைபிரேக். 2024இல் மாட்ரிட்டில் புள்ளிகளுக்கு இடையே மூச்சு விடும் நேரத்தையும் குறைத்து, ஒற்றையர் தரவரிசைக்காரர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்துப் பரீட்சை செய்தீர்கள். பெரிய பெயர்கள் வந்தால் கூட்டம் வரும், சரிதான். வருகிற ஒவ்வொரு பெரிய பெயருக்கும் ஒரு நிரந்தர ஜோடி கட்-ஆஃபுக்கு வெளியே போகிறது.

அதே சூப்பர் டைபிரேக்கில்தான் 2024 செப்டம்பரில் எங்கள் ஊர் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் சீனாவின் ஹாங்சோவில் ஏடிபி பட்டம் வென்றார்கள் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் செட் போய், இரண்டாவது டைபிரேக்கில் வந்து, கடைசியில் 10-7. பிரசாந்துக்கு அது முதல் ஏடிபி பட்டம். அன்றைக்கு நான் அடித்த விசிலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனவே விதியை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

கேட்பது இதுதான். இரண்டு பேர் சேர்ந்து, இந்த வருடம் முழுக்க நாங்கள் ஜோடி என்று உங்களிடம் பதிவு செய்துகொள்ள வழி வையுங்கள். அப்படிப் பதிந்த ஜோடியில் ஒருவருக்குக் காயம் என்றால், மற்றவரின் நுழைவுத் தரவரிசையையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வாரமாவது நிறுத்தி வையுங்கள். அவன் காத்திருக்கட்டும், விருப்பப்பட்டால். பேஸ்லைனில் இரட்டையரையும் சேருங்கள். ஒற்றையருக்குக் கொடுப்பதில் கால்வாசி கொடுத்தால்கூட ஒரு பிசியோவைப் பகிர்ந்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் காத்திருப்புப் பட்டியல். யாராவது விலகுவார்களா என்று போட்டி நடக்கிற ஊருக்கே வந்து காத்துக்கிடக்கும் ஜோடி உள்ளே போக முடியாவிட்டால், ஓட்டல் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. பட்டியலுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். ராக்கெட்டைக் கட்டச் சொல்வதா வேண்டாமா என்று அவர்களுக்கே தெரியாது. கட்டினால் காசு, கட்டாமல் திடீரென்று இடம் கிடைத்தால் தொந்தரவு. ஒருமுறை ஒரு ஜோடி துணிந்து நான்கு ராக்கெட் கட்டச் சொன்னது. இடம் கிடைக்கவில்லை. பந்தே படாத நான்கு ராக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு அன்று ராத்திரியே அடுத்த ஊருக்கு வண்டி ஏறினார்கள். பாதிக் காசு போதும் என்றேன், கேட்கவில்லை. முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பதில் போடுவதாக இருந்தால் பிப்ரவரிக்கு முன்னால் போடுங்கள். சாலஞ்சர் வந்துவிட்டால் எனக்குத் தலைக்கு மேல் வேலை.

இப்படிக்கு,
நுங்கம்பாக்கத்தில் கட்டிங் போடுகிறவன்