பழைய லென்ஸைக் குப்பையில் போடுமுன்: கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணாடிக் கடை உரிமையாளர்களுக்கும், பட்டறையில் லென்ஸ் பொருத்துபவர்களுக்கும்,

வணக்கம். தாத்தாவின் வட்டக் கண்ணாடியைப் பேரன் கொண்டுவந்து, "இதுல என் பவர் போட்டுக் கொடுங்க" என்கிறார். ஃபிரேமைத் துடைத்து வைத்துவிட்டுப் பழைய லென்ஸை எறிந்துவிடுகிறீர்கள். அது வல்லத்துக் கல்லாக இருந்தால், ஃபிரேமைவிட அரிதான பொருள் போய்விட்டது.

தஞ்சாவூரை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களை (குவார்ட்ஸ்) அறுத்துத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்தார்கள். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோ அளவில் படிகம் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 அளவில்தான் நிற்கும். பழைய கல் லென்ஸ் கீறல் படாமல் இருப்பது இதனால்தான். அறுக்கும் திசையில்தான் வேலைத்திறன் தெரியும். படிக அச்சுக்கு, அதாவது ஒளி பிரியாமல் செல்லும் திசைக்கு, நேர்குறுக்கே அறுத்தால் பார்வை சுத்தமாக இருக்கும். சாய்த்து அறுத்தால் அதில் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும்.

சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். போலராய்டு குளிர்கண்ணாடி லென்ஸ் இரண்டை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து, வெளிச்சம் அடைபடும் வரை ஒன்றைத் திருப்புங்கள். பழைய லென்ஸை நடுவில் வையுங்கள். கண்ணாடியானால் இருட்டு அப்படியே இருக்கும். கல்லானால் வெளிச்சம் வரும். அச்சுக்குக் குறுக்கே வெட்டிய கல், எப்படிச் சுழற்றினாலும் நடுவில் வெளிச்சம் குறையாது. சாய்த்து வெட்டியது ஒரு சுற்றில் நான்கு முறை இருண்டு வெளுக்கும்.

ஏமாற்றுவது ஒன்று உண்டு: ஃபிரேம் இறுக்கிப் பிடித்த கண்ணாடியும் விளிம்போரம் வெளிச்சம் காட்டும். ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள், மறைந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைலென்ஸில்) உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடிதான். கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடியைக் கல் என்று விற்பதும் புதிதல்ல. வெனிஸ் படிகத் தொழிலாளர் சங்கம் 1300லேயே அதைத் தடுக்க விதி போட்டது.

கழற்றும்போது நெம்பவே கூடாது. கல்லின் விளிம்பு சிப்பிபோலப் பெயரும். ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு ஸ்க்ரூ தலையின் காடிக்குச் சரியான அகலமுள்ள திருப்புளியால் முழுதாகக் கழற்றுங்கள். அந்தக் காலத்து மரை இன்றைய ஸ்க்ரூவுக்குப் பொருந்தாமல் போகலாம், பழையதையே பத்திரப்படுத்துங்கள். கல் உள்ளே இருக்கும்போது ஃபிரேமைச் சூடாக்கித் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விடும். கல்லைப் புதிய ஃபிரேமுக்காக விளிம்பு தேய்ப்பதும் வேண்டாம்.

வாடிக்கையாளர் கேட்டாலும் பழைய மூக்குப் பாலத்தில் மூக்குத் தாங்கியைப் பற்றவைக்காதீர்கள். தங்கத் தகடு போர்த்திய ஃபிரேமில் பற்றவைத்த இடம் கருத்து, அடி உலோகம் வெளியே வந்துவிடும். செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்த ஃபிரேம் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதல்: அது தீப்பற்றும், அசிட்டோன் பட்டால் கரையும். நாளானால் அது கக்கும் அமிலம் பக்கத்து உலோகத்தைப் பச்சையாக்கும். காற்றுப் புகாத டப்பாவில் மற்றவற்றோடு அடைக்கக் கூடாது.

கல்லைக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விற்றார்கள். தொட்டால் குளிரும், அவ்வளவுதான். புற ஊதாக் கதிரைக் கல் அப்படியே உள்ளே விடும், சாதாரணக் கண்ணாடி ஓரளவாவது தடுக்கும். ஆகவே அணியப் புது லென்ஸ் போடுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. பழைய இரண்டையும் மெல்லிய தாளில் தனித்தனியே சுற்றி, வலது இடது, பவர், எந்த ஃபிரேமிலிருந்து எடுத்தது என்று உறையில் எழுதி, பில்லோடு சேர்த்து வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மூக்குக் கண்ணாடிகளைப் பேணும் சிலர்