பென்சில் தந்த பெரியவருக்கு நன்றி

2016 நவம்பர் 2 அன்று இரவு, நெரிசலான ஒரு சிகாகோ உணவகத்தில் தம் மேசையில் எனக்கு இடம் தந்த, பெயர் கேட்கத் தவறிய அந்தப் பெரியவருக்கு இந்த நன்றி. 1994-இல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால், ஆண்டின் பட்டத்தை முடிவுசெய்யும் உலகத் தொடரே ரத்தானபோது கசந்துபோய் பேஸ்பாலைக் கைவிட்டவன் நான். சிகாகோவின் கப்ஸ் அணிக்கும் கிளீவ்லாந்து அணிக்கும் இடையே கிளீவ்லாந்தில் நடந்த, அந்த ஆண்டு உலகத் தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி ஸ்கோர் தாளில் குறித்துக்கொண்டிருந்த அவர், வீரர்களில் ஒருவரையும் அறியாத எனக்கு ஒவ்வொருவரையும் பொறுமையாக அறிமுகப்படுத்தியதோடு, ஐந்தாவது இன்னிங்ஸில் பென்சிலையே என் கையில் கொடுத்துவிட்டார்.

எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ரஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன்னால் ஆட்டம் 6-6 எனச் சமனானபோது அதைக் குறிக்க எனக்குக் கை வரவில்லை. "எழுதுங்கள், நடந்தது நடந்ததுதான்" என்றார். ஆனால் மழையால் ஆட்டம் நின்ற 17 நிமிடங்களும் அவர் தம் காபியைத் தொடவேயில்லை!

பத்தாவது இன்னிங்ஸில், மூன்றாவது பேஸ் வீரர் எறிந்து முதல் பேஸ் வீரர் பிடித்த கடைசி அவுட்டை, ஸ்கோர் தாளில் அவ்விருவரின் இடங்களுக்கான எண்களால் 5-3 என்று அவரே குறித்தார். கப்ஸ் அணி 8-7 என வென்று, 1908-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் பெற்ற அந்தக் கூச்சலில், அவர் கிளம்பியதை நான் கவனிக்கவில்லை. ஐயா, தாளும் அந்தக் கட்டைப் பென்சிலும் என்னிடம்தான் இருக்கின்றன.