அரை மில்லிமீட்டர் உலோகம் கேட்டு ஒரு மடல்

ராணுவத் தளவாட உற்பத்தியை வளர்க்க வகுத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத் திட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். திருச்சியை அடுத்த துவாக்குடியில் மில்லிங் (உலோகத்தைச் சீவுவது), வயர் கட் (மின்பொறி பாயும் கம்பியால் அறுப்பது) வேலை செய்யும் சிறு பட்டறை என்னுடையது. ஆறு பேர் வேலை பார்க்கிறோம். 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்த ஊர் திருச்சி. மைக்ரான் கணக்கில் உலோகம் சீவத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. இப்போது எங்களிடம் வருவது உருக்குக் கட்டியல்ல, உலோகத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி முப்பரிமாண அச்சில் (3D பிரிண்டிங்) உருவான உலோகம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உரிமம் பெற்ற ஒரு நிறுவனம், துப்பாக்கியின் மேல் குறிநோக்கியைப் பொருத்தும் தாங்கிகள் பன்னிரண்டை, அச்சிடும்போது அவை ஒட்டி நின்ற அடித்தட்டோடு அனுப்பியது. தட்டிலிருந்து அறுத்தெடுத்து, முகங்களைச் சீவித் தர வேண்டும். முகத்துக்கு 0.2 மில்லிமீட்டர் உலோகம் கூடுதலாக விட்டிருந்தார்கள். முதல் தாங்கியில் வயர் பாதி தூரம் போனதுமே வெட்டு வாய் விரிந்தது. அறுத்து முடித்து, மேடுபள்ளம் அளக்கும் டயல் கேஜ் வைத்தால், ஒரு முனை 0.35 மில்லிமீட்டர் மேலே நின்றது. மில்லிங்கில் ஒரு பக்கம் பளபளவென்று வந்தது; மறுபக்கம் தூள் ஒட்டிய சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அங்கே சீவுவதற்கு உலோகமே இல்லை. பன்னிரண்டில் ஒன்பது கழிவாகப் போயின. அந்த நஷ்டத்தை எங்கள் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

லேசர் பட்டு உருகும் ஒவ்வோர் அடுக்கும் ஆறும்போது சுருங்கிக் கீழுள்ள அடுக்கை இழுக்கிறது. அந்த இழுவிசையை உலையில் வைத்துத் தணித்த பிறகுதான் தட்டிலிருந்து பிரிக்க வேண்டும்; இல்லையென்றால் அறுக்கும்போதே பாகம் வளைந்துவிடும். தணித்தார்களா இல்லையா என்று எங்களுக்கு வந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. அந்தத் தூளின் பிறப்பும் தெரியவில்லை. 17-4 என்ற துருப்பிடிக்காத எஃகையே எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனில் தயாரித்த தூளும் ஆர்கானில் தயாரித்த தூளும் ஒரே உலையில் ஒரே சூட்டில் வைத்தாலும் ஒரே கடினத்துக்கு வருவதில்லை. இது தெரியாமல் எந்த வெட்டுக்கருவியை எடுப்பது, எந்த வேகத்தில் ஓட்டுவது?

இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. 2013-இல் அமெரிக்காவின் சாலிட் கான்செப்ட்ஸ் நிறுவனம் 1911 ரகக் கைத்துப்பாக்கியை உலோக அச்சில் செய்து ஐம்பது குண்டுகள் சுட்டுக் காட்டியது. 2024 மே மாதம் இஸ்ரோ தன் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 எஞ்சினை அச்சில் செய்து சோதித்தபோது, 14 பாகங்கள் ஒன்றாயின, 19 பற்றவைப்புகள் இல்லாமல் போயின. 565 கிலோ மூலப்பொருள் பிடித்த இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானதாக இருந்தது. படித்தபோது பூரித்துப் போனேன். ஆனால் ஒன்றோடொன்று பிசிறின்றிப் பொருந்த வேண்டிய முகமும் துளையும் திருகுமரையும் இன்னும் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. செய்தியில் அச்சு இயந்திரத்தின் படம் வரும். அடுத்த கட்ட வேலை நடக்கும் பட்டறையை யாரும் பேசுவதில்லை. ஒப்பந்தத்திலும் அதே கதைதான்.

ஆகவே நான் மானியம் கேட்கவில்லை. வழித்தடத்தின் கீழ் உலோக அச்சு வேலைக்குப் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு ஒரு பொதுப் படிவம் கொண்டுவாருங்கள். அறுத்துச் சீவும் வேலை செய்யப்போகும் பட்டறை, அச்சிடுவதற்கு முன்பே ட்ராயிங்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எந்த முகத்தில் எவ்வளவு உலோகம் விடுவது, எந்த முகத்தை ஆதாரமாகப் பிடித்து அளப்பது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகட்டும். எங்கள் தாங்கிகளுக்கு அரை மில்லிமீட்டர் விட்டிருந்தால் ஒன்பதும் பிழைத்திருக்கும். தூளின் விவரமும் உலைச் சீட்டும் பொருளோடு வரட்டும். ஒவ்வொரு தட்டிலும் சோதனைத் துண்டு ஒன்றைச் சேர்த்து அச்சிட்டால், கடினத்தை அதில் பார்த்துக்கொள்ளலாம்; நல்ல பாகத்தில் கை வைக்க வேண்டியதில்லை. பாகம் கழிவானால் எந்தக் கட்டத்தில் கெட்டது என்று பார்த்துப் பொறுப்பை வையுங்கள். கடைசியாகத் தொட்டவன் தலையில் கட்டாதீர்கள்.

அந்தப் படிவத்தை எழுத உட்காரும் நாளில் அச்சிடுபவர்களோடு எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். வேலையை நிறுத்திவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
துவாக்குடிப் பட்டறைக்காரன் ஒருவன்