வெளியிட்டால் போதுமா, பராமரிக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடநூல்களும் காணொளிகளும் பயிற்சித் தாள்களும் இனி எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் கிடைக்கும் என்ற அறிவிப்புகளை அடிக்கடி படிக்கிறோம். மகிழ்ச்சியே. ஆனால், இன்று வெளியாகும் பாடம் ஐந்து ஆண்டுகள் கழித்தும் திறக்குமா, அதைக் கவனிக்க ஆள் இருப்பாரா என்பதை அறிவிப்பவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மாணவர்களுக்காக நான் சேர்த்து வைத்திருந்த இணைப்புகளை அண்மையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தேன். பல திறக்கவேயில்லை. இயற்கணிதப் பாடம் இருந்த ஒரு முகவரியில், களப்பெயரை (இணையதளத்தின் பதிவுப் பெயரை) உரியவர்கள் புதுப்பிக்காமல் விட்டதாலோ என்னவோ, சம்பந்தமில்லாத விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காகத் திறந்த ஒரு பிடிஎஃப் கோப்பிலோ, சமன்பாடு ஒன்றில் கழித்தல் குறி விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி மறுபடி வெளியிடக் கோப்பின் உரிமம் எனக்கு முழு அனுமதி தருகிறது. திருத்துவதற்கான மூலக் கோப்புதான் எங்கும் இல்லை.

எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்திப் பகிரவும் அனுமதியோடு வெளியிடப்படும் இத்தகைய பாடங்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. படைப்பாளர் தம் படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். ஆக, சட்டச் சிக்கலுக்குத் தொடக்கத்திலேயே வழி பிறந்துவிட்டது. இத்துறையில் நன்கு அறியப்பட்ட டேவிட் வைலி, பயன்படுத்தல், மாற்றியமைத்தல், கலத்தல், பகிர்தல் என்று தாம் வகுத்திருந்த நான்கு உரிமைகளோடு, படியெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் 2014இல் சேர்த்தார். கையில் பிரதி இல்லாதவருக்கு மற்ற நான்கும் ஏட்டளவில் நிற்பவை என்பதை அது எனக்கு உணர்த்தியது.

யாருடைய தவறும் இல்லாமலும் வளங்கள் அழிகின்றன. இணையத்தில் அசைவூட்டங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் இறுதியோடு அடோபி நிறுத்தியபோது, அதில் செய்யப்பட்டு, மாற்றப்படாமல் கிடந்த எத்தனையோ பாட விளையாட்டுகள் உலாவிகளில் இயங்காமல் போயின. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் உருவாக்கிய, கணினியில் செய்து பார்க்கும் இயற்பியல் செய்முறைகளில் பல இன்றும் ஓடுவதற்குக் காரணம், அங்கே ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை இன்றைய உலாவிகளில் நேரடியாக ஓடும் எச்டிஎம்எல்5 வடிவில் மறுபடி எழுதியதுதான். பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் பாடங்களுக்கென நடந்துவந்த ஜோரம் களஞ்சியம் 2016இல் மூடப்பட்டது. வசதியுள்ள நாடுகளிலும் இதுவே நிலை.

சர்வர் வாடகையை மட்டும் கணக்கிட்டுவிட்டு, செலவு அவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சிறு பகுதியே. பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவது, உடைந்த இணைப்புகளைத் தேடிச் சரிசெய்வது, ஆசிரியர்கள் சுட்டும் பிழைகளைத் திருத்துவது, காப்புப் பிரதியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் சம்பளம் பெறும் ஆள் வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புக்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை என்பதால், நிதி ஒதுக்கீட்டில் அந்த ஆள் மறக்கப்படுகிறார். திறந்த கல்வி வளங்கள் குறித்து யுனெஸ்கோ 2019இல் ஏற்ற பரிந்துரையின் ஐந்து செயல் துறைகளில் நீடித்து நிலைக்கும் வழிமுறைகளும் ஒன்று. அதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் எண்ணம்.

பிரதிகள் ஒரே இடத்தில் குவிவதும் ஆபத்து. 1999இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் திட்டம், ஒரே ஆவணத்தைப் பல நூலகங்கள் வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறையில் இயங்குகிறது. பாடங்களுக்கும் அதைப் பின்பற்றலாம். கூடவே, இணையம் இல்லாத வகுப்பறைக்கு மொத்தமாக இறக்கி எடுத்துச் செல்லும் வசதியும் இருந்தால் பிரதிகள் தாமாகவே பெருகும்.

எனவே, இத்தகைய திட்டங்களுக்கு நிதி தரும் அரசுகளும் அறக்கட்டளைகளும் வெளியீட்டு அறிவிப்பிலேயே மூன்று செய்திகளைச் சேர்க்க வேண்டுகிறேன்: பராமரிப்புக்கான நிதி எந்த ஆண்டு வரை உள்ளது, மூலக் கோப்புகள் எங்கே கிடைக்கும், திட்டம் நின்றுபோனால் அவற்றை ஏற்க ஒப்புக்கொண்ட நிறுவனம் எது.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்