பால் காய்ச்சும் நாள் வேறு, சாமான் ஏறும் நாள் வேறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. உன் கணவருக்குத் திண்டுக்கல்லிலிருந்து எங்கள் மண்டபம் ஊருக்கே மாற்றல் வந்ததில் எனக்குத்தான் லாபம். இங்கே சித்திரை பிறந்த கையோடு மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் வரும், விலையும் அதற்குத் தகுந்தாற்போல் இருக்கும். வைகாசியில் வந்து இறங்கியதும் வஞ்சிர மீன் கேட்காதே. கருவாடு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு.

வீடு மாற்றுவதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறாய். மூட்டை தூக்குவதற்கு ஆள் கிடைப்பான் மல்லிகா. ஆளைப் பாடாய்ப் படுத்துவது வேறு ஒன்று. நூறு சின்ன முடிவுகளை ஒரே பகலில், சாப்பிடாமல் நின்றுகொண்டு, நாலு பேர் ஒரே நேரத்தில் "இது எங்கக்கா வைக்க?" என்று கேட்கக் கேட்க எடுக்க வேண்டியிருப்பதுதான். அந்த முடிவுகளில் முக்கால்வாசியை முன்கூட்டியே எடுத்துவிடலாம்.

அதற்கு முதலில் பால் காய்ச்சும் நாளையும் சாமான் ஏறும் நாளையும் பிரித்துவிடு. வைகாசியில் நல்ல நாளுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் வந்து பாலைக் காய்ச்சி, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போ. உன் மாமியாருக்கும் மனசு ஆறும். ஏழெட்டு நாள் கழித்து, லாரி எந்தக் கிழமை சுலபமாகக் கிடைக்கிறதோ அன்றைக்குச் சாமானோடு வா. முகூர்த்த நாளில் வண்டி வாடகையும் கூலியும் ஏறிவிடும், லோடுமேன்கள் அடுத்த வீட்டு வேலை நினைப்பிலேயே இருப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரு வார வாடகையா என்று உன் கணவர் கணக்குப் பார்ப்பார். பார்க்கட்டும். சாமான் வந்தபின் செய்யவே முடியாத வேலைகள் காலி வீட்டில் கிடக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரியது தண்ணீர். திண்டுக்கல் கணக்கை இங்கே போடாதே. வீட்டுக்காரரிடம் "தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் உள்ளதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வரும், தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கலாம் என்று தனித்தனியாகக் கேள். அடுத்து, கிணறா, ஆழ்துளைப் போரா என்று கேள். இந்தக் கடற்கரை மணலில் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது. அதனால் ஆழம் குறைந்த ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும், ஆழத் துளைத்த போரில் உப்பு ஏறும். நல்ல ஊற்றாக இருந்தாலும் மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். சிறுகச் சிறுக எடுப்பதுதான் வழி.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கிக்கொள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பலவும் 2000 வரைக்குத்தான் செய்தவை. அதற்கு மேல் போனால் உள்ளிருந்து உப்பை வடிகட்டும் மெம்பரேன் சீக்கிரம் போகும், நீ மெஷின்காரனைத் திட்டுவாய். ஆனால் இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது.

மேல்தொட்டியை அந்த வாரத்திலேயே கழுவிவிடு. அடி வண்டலைச் சுரண்டி எடுத்து, தொட்டியை நிரப்பி, 1000 லிட்டருக்கு சுமார் 150 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்று. எல்லாக் குழாயையும் திறந்து, வாடை வந்ததும் மூடிவிட்டு, இரவு முழுக்க விடு. காலையில் வடித்து, வாடை போகும்வரை அலசு. அதுவரை அந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டாம். கழிப்பறை உப்புக்கறைக்கு ஆசிட் ஊற்றுவார்கள். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய அறையில் மூச்சை அடைத்துவிடும்.

காலி வீட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று காம்பவுண்டுச் சுவர். எந்த உயரத்தில் ஈரக்கறைக் கோடு இருக்கிறது என்று பார், பக்கத்து வீட்டிலும் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரி. 2024 நவம்பரில் ராமேசுவரம் தீவில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்த மழையைக் குறிப்பிட்டே கேள். புரோக்கர் சொல்லாததைச் சுவர் சொல்லும். மின்மீட்டர் ரீடிங்கைச் சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடு. இணைப்பு எண்ணைப் போட்டுப் பழைய பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம்.

கேஸை மறந்துவிடாதே. ஊர் மாறுவதால் அங்கே சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, மாற்றுச் சீட்டு வாங்கி, இங்குள்ள ஏஜென்சியில் கொடுக்க வேண்டும். இடையில் சில நாள் அடுப்பு இருக்காது என்றே வைத்துக்கொள். இண்டக்‌ஷன் அடுப்பு கைகொடுக்கும், ஆனால் 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சூடேறி உருகலாம். சமையலறையில் 16 ஆம்பியர் பிளக் இல்லையென்றால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட அந்த ஒரு வாரம்தான் சமயம்.

இனிச் சாமான். குட்டியானை என்கிற டாடா ஏஸ் வண்டியில் முக்கால் டன்தான் ஏற்றலாம், தட்டின் நீளம் ஏழடி சொச்சம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு நடை போதாது, 200 கிலோமீட்டருக்கு மேல் இரண்டு நடை அடிப்பது வீண். 14 அடி ஐச்சர் லாரி பேசிவிடு. ஏற்று கூலி, இறக்கு கூலி, மாடி ஏற்றும் கூலி, டோல் எல்லாம் சேர்த்தா, தனியா என்று பேசும்போதே முடிவாகட்டும். இறக்கும் இடத்தில் வெடிக்கும் சண்டையில் பாதி இதற்காகத்தான்.

புத்தகத்தையும் பாத்திரத்தையும் சின்ன அட்டைப்பெட்டியில் போடு, ஒரு பெட்டி 12 கிலோவுக்கு மேல் போக வேண்டாம். பெரிய பெட்டியை யார் தூக்கினாலும் அடி பிய்யும். எண்ணையும் எந்த அறை என்பதையும் மேல்மூடியில் எழுதாமல் பக்கவாட்டில் எழுது. அடுக்கியபின் மேல்பக்கம் தெரியாது. எந்த எண்ணில் என்ன என்பது ஒரு நோட்டில் இருக்கட்டும். புது வீட்டு அறைக்கதவுகளிலும் அதே பெயரைத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால், வாசலில் நோட்டோடு ஒருவர் நின்றால் போதும். அந்த ஒருவர் நீயாக இருக்க வேண்டாம். மூத்தவள் பார்த்துக்கொள்வாள்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, பனி கரைத்து, துடைத்துக் காயவிடு. நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். இறக்கியதும் நாலு மணி நேரம் சும்மா நிற்கட்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஒரு நாள் விடு. சாய்த்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், அது திரும்பி இறங்கும் முன் ஓட்டினால் கம்ப்ரசர் கெடும். முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின் என்றால் டிரம்மை இறுக்கும் போல்ட்டுகளைத் தேடிப் போட்ட பிறகே லாரியில் ஏற்று. ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்ட விடாதே. உப்புக்காற்றில் அலுமினியத் தகடு அரித்துப் பொடியாகும். எந்தப் பக்கம் மாட்டினாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இரும்பு பீரோவின் காலுக்கு ரப்பர் புஷ் போடு. ஈரத்துணியால் தரை துடைக்கிற வீட்டில், அதுவும் இந்தக் காற்றில், அடிதான் முதலில் துருவேறும்.

நீ வரும் நேரம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். தார்ப்பாயை முன்பக்கம் மடித்து அடியில் செருகிக் கட்டச் சொல், வழியில் உச்சிப்புளி ஊரைத் தாண்டினால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். வீட்டில் எல்லாக் கதவுக்கும் ஸ்டாப்பர் மாட்டிவிடு. சாமான் ஏற்றும்போது கதவு அடித்துச் சாத்தினால் கை விரல் போகும்.

உன் மாமியாரைப் பற்றித்தான் நீ அதிகம் கவலைப்படுகிறாய் போல. அவர் அறையைக் கடைசியாகக் கட்டி, கடைசியாக லாரியில் ஏற்று. அப்போதுதான் முதலில் இறங்கும். கட்டிலைப் பழைய வீட்டில் எந்தக் கை வாக்கில் கதவு இருந்ததோ அப்படியே போடு. இரவில் தூக்கக் கலக்கத்தில் எழுகிறவர்கள் பழைய வீட்டு வழியில்தான் நடப்பார்கள், விழுவது அப்படித்தான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும், அந்த வழியில் ஒரு பெட்டிகூட நிற்க வேண்டாம். ஒரு வாரத்துக்கான மாத்திரை, மருந்துச் சீட்டு, கண்ணாடி எல்லாம் உன் கைப்பையில் வரட்டும். பிள்ளைகளின் டி.சி.யும் நகையும் பத்திரமும் அதே பையில்.

தனியாக ஒரு பக்கெட் கட்டு. கத்தரிக்கோல், டெஸ்டர், இரண்டு பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கயிறு, மக், துண்டு, சோப்பு, கொசுவலை, காபித்தூள், சீனி, ஒரு சின்னப் பாத்திரம். இதுவும் லாரியில் ஏறக் கூடாது. குடிநீர் கேன் இரண்டு முந்தின நாளே வீட்டில் இருக்கும், அது என் பொறுப்பு. அன்றைக்கு மூன்று வேளையும் சாப்பாடு இங்கிருந்து வரும், நீ அடுப்பைத் தொடாதே. படுக்கை, பாத்ரூம், சமையலறை மூன்றும் ஆனால் அன்றைய வேலை முடிந்தது. மிச்சப் பெட்டிகளைத் தினம் இரண்டு மூன்றாகப் பிரி. ரேஷன் அட்டை, ஆதார் முகவரியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதில் எழுதும்போது பீரோவின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் இஞ்சில் அளந்து எழுது. பொதுவாக ஆறரை அடி உயரம் வரும், அந்த வீட்டு மாடிப்படித் திருப்பம் குறுகலாகத் தெரிகிறது. நான் அதை அளந்து வைக்கிறேன். திரும்பாது என்றால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும், அதற்கு ஆள் முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும்.

அன்புடன்,
பாத்திமா