பேரனோடு கோலாலம்பூர் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பட்டர்வொர்த்தில் நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. டிசம்பரில் மெல்பர்னில் இருந்து வந்து இறங்கியதும் இரண்டு நாள் கோலாலம்பூரில் தங்கி, பேரன் தம்பிக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு இங்கே வருவதாக அம்மா சொன்னாள். எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாயாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சில விஷயங்கள் எனக்குப் போனில் வராது.

இரட்டைக் கோபுரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி அதைத்தான் கேட்பான். 88 மாடி, 452 மீட்டர். 41, 42ஆம் மாடிகளில் இரண்டு கோபுரத்தையும் இணைக்கிற பாலம் இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டவில்லை என்று அவனிடம் சொல். காற்றில் கோபுரங்கள் அசையும்போது பாலம் நகர்ந்து கொடுக்கும்படி விட்டிருக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பிடிக்கும். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிடு. திங்கட்கிழமை மூடியிருக்கும், அன்றைக்குப் போய் நிற்காதே.

டிக்கெட் என்றதும் 2001 நவம்பர் பள்ளி விடுமுறைதான் ஞாபகம் வருகிறது. உனக்கு ஒன்பது வயது. தாத்தாவையும் கூட்டிக்கொண்டு இரவு ரயிலில் போனோம். நீ ஜன்னலோரம் தாத்தா மடியில் தூங்கினாய். பழைய ஸ்டேஷனில், அந்த 1910ஆம் வருடத்து வெள்ளைக் கட்டடத்தில், இறங்கப் போகிறோம் என்று தாத்தா ஆசையாக இருந்தார். ரயில் சென்ட்ரலுக்குப் போய் நின்றது. அது திறந்து சில மாதந்தான் ஆகியிருந்தது. "ஸ்டேஷனையே மாத்திட்டாங்களாப்பா?" என்று கேட்டார்.

அப்போது பாலத்துக்கு டிக்கெட் இலவசம். காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். நான்தான் செந்தூலில் சின்னம்மா வீட்டில் குளித்து, பசியாறிவிட்டுப் போகலாம் என்று உட்காரவைத்தேன். போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி, டிக்கெட் முடிந்துவிட்டது. நீ அங்கேயே நின்று அழுதாய். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று உன்னைத் திட்டினேன். தாமதம் என்னால், திட்டு வாங்கியது நீ. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அது என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மன்னித்துக்கொள் மா.

தாத்தா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இது இல்லாட்டி அந்த டவருக்குப் போவோம்" என்றார். அப்படித்தான் புக்கிட் நானாஸ் மலைமேல் இருக்கிற கேஎல் டவருக்குப் போனோம். மேலே ஏறிப் பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். எனக்கு ஞாபகம் இருப்பது கீழே நின்ற மரம். டவர் கட்டியபோது நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு ஜெலுத்தோங் மரத்தை வெட்ட மனமில்லாமல், அதைக் காப்பாற்றத் தனியாகச் சுவர் எழுப்பிக் கட்டினார்கள். தாத்தா அங்கே நின்றுவிட்டார். நிமிர்ந்து உச்சியைப் பார்த்தார், அப்புறம் அடிமரத்தைப் பார்த்தார். "இதுவும் பால் மரந்தான் பாப்பா. இந்தப் பால்லதான் சுவிங்கம் செய்வாங்க" என்றார். நீ அழுகையை நிறுத்தினாய்.

பிறகு அவர் வலது கையை உயர்த்தி, உளியைப் பிடித்திருப்பதுபோல விரல்களை மடக்கி, காற்றிலேயே இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். "இப்படி வெட்டணும். ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாலப் போனா பால் வராது. இங்க பால் வடியற மங்கு கட்டணும்." ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் பால் வெட்டிய கை. அந்த வயதிலும் கோடு துளிகூட நடுங்கவில்லை. நீயும் உன் குட்டிக் கையால் அதே மாதிரி இழுத்துப் பார்த்தாய். தம்பியை அந்த மரத்தடிக்குக் கட்டாயம் கூட்டிப் போ. அந்தக் கோட்டை அவனுக்கு இழுத்துக் காட்டு. உனக்குத் தெரியும்.

டத்தாரான் மெர்டேக்காவுக்கு, அந்தச் சுதந்திரத் திடலுக்கு, சாயங்காலம் போனால் போதும், மத்தியானம் வெயில் தாங்காது. எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு 1897இல் இருந்து நிற்கிறது. 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் அந்தத் திடலில்தான் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. மறுநாள் காலை ஸ்டேடியத்தில் முதல் பிரதமர் துங்கு ஏழு தடவை மெர்டேக்கா என்று முழங்கினார். இப்போது அந்த ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் 678.9 மீட்டரில் மெர்டேக்கா 118 எழும்பி நிற்கிறது. தம்பி கழுத்து வலிக்கப் பார்ப்பான். பத்துமலைக்கு சென்ட்ரலில் இருந்தே கொமுட்டர் ரயில் போகிறது. 272 படியையும் எண்ணிக்கொண்டே ஏறச் சொல், நீ அப்படித்தான் ஏறினாய். 42.7 மீட்டர் முருகன் சிலை உன் சின்ன வயதில் இல்லை, 2006இல்தான் வந்தது.

சரி, நான் எழுத வந்த விஷயம் இதுதான்.

டவரில் இருந்து இறங்கியதும் தாத்தா டாக்சிக்காரரிடம் ஜாலான் சுல்தான் சுலைமான் போகச் சொன்னார். அங்கே விஸ்மா துன் சம்பந்தன் வாசலில் இறங்கினோம். "இங்க என்ன தாத்தா பார்க்கறது? இது ஆபீஸ்தானே?" என்று நீ முகத்தைச் சுளித்தாய். அவர் பதில் சொல்லவில்லை. வாசல் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இதுல நம்ம செங்கல் ஒண்ணு இருக்கு" என்றார். உனக்கு அன்றைக்கு நான் விளக்கவில்லை. அவசரத்தில் இருந்தேன்.

இப்போது சொல்கிறேன். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்பார்கள். துண்டாடிய தோட்டத்தில் வேலையும் போகும், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடும் போகும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் சனங்கள் சட்டிபானையோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததை உன் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவாள். அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். 1960 மே மாதம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. விஸ்மா துன் சம்பந்தன் அந்தச் சங்கத்தின் கட்டடம். முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம்.

கூலிம் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டம் சங்கத்துக்கு வரவில்லை, வேறு யாரோ வாங்கினார்கள். ஆனாலும் தாத்தா பணம் கட்டினார். பத்து வெள்ளி அன்றைக்கு எங்கள் லயத்தில் சும்மா கிடைக்கிற காசு இல்லை. எனக்கு அப்போது நான்கு வயது. பாட்டி தோடை அடகு வைத்துத்தான் முதல் தவணை கொடுத்தாளாம். அந்தத் தோடு மீண்டு வந்தது, உன் கல்யாணத்தில் உன் காதில் ஏறியது அதுதான்.

அன்றைக்குத் தாத்தா உள்ளே போக ஆசைப்பட்டார். அங்கத்தினர் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அது தெரியாது. "நேரமாச்சுப்பா, பாப்பாவுக்குப் பசிக்குது, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றேன். "சரிப்பா" என்றார், அவ்வளவுதான். 2004இல் போய்விட்டார். அடுத்த தடவை வரவில்லை. முப்பத்தாறு படம் போட்ட பிலிம் ரோலில் அந்த வாசலில் எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் நீ உம்மென்று இருக்கிறாய், தாத்தா சட்டையின் மேல் பட்டன்வரை போட்டு நேராக நிற்கிறார். பையில் புத்தகத்தின் விளிம்பு தெரிகிறது. படத்தைக் கழுவி வாங்கிய பிறகுதான் அதைக் கவனித்தேன்.

அதனால் நானும் கோலாலம்பூருக்கு வருகிறேன். இப்போது இங்கிருந்து ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இரட்டைக் கோபுரத்துக்கு நீயும் மாப்பிள்ளையும் தம்பியைக் கூட்டிப் போங்கள், நான் கீழே பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு நாம் எல்லாரும் சேர்ந்து போக வேண்டும். இந்தத் தடவை உள்ளே போவோம். தாத்தாவின் புத்தகத்தைத் தம்பி கையில்தான் கொடுக்கப் போகிறேன். ஓரம் செல்லரித்திருக்கிறது, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

எந்தக் கிழமை வந்து இறங்குகிறீர்கள் என்று சீக்கிரம் சொல். சனி ஞாயிறு வேண்டாம், ஆபீஸ் பூட்டியிருக்கும்.

அன்புடன்,
அப்பா