எந்த ஐ5 என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வரி விளம்பரப் பக்கத்தில் ஒன்று பார்த்தேன். "ஐ5 கம்ப்யூட்டர், மானிட்டருடன் முழு செட், ரூ.12,500". சும்மா இருக்க மாட்டாமல் போன் பண்ணினேன். "எந்த ஐ5 சார்?" என்றேன். "ஐ5தான் சார், சூப்பரா ஓடும்." "அது சரி, எத்தனையாவது ஜெனரேஷன்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "8 ஜிபி ராம் சார்" என்றார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஐ5 என்பது இன்டெல் கம்பெனி தன் பிராசசருக்கு, அதாவது கம்ப்யூட்டரின் மூளைக்கு, வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயரில் 2011 ஜனவரியில் வந்த 2400 இருக்கிறது, 2022 ஜனவரியில் வந்த 12400ம் இருக்கிறது. நடுவில் 11 வருடம். இரண்டையும் வெறும் ஐ5 என்று சொல்லி விற்பது, "பைக் டயர் 900 ரூபாய்" என்று போர்டு எழுதி வைப்பது மாதிரி. எந்த வண்டிக்கு, என்ன சைஸ் என்று கேட்காமல் யாராவது டயர் வாங்குவார்களா? கம்ப்யூட்டரை மட்டும் வாங்குகிறோம். 12,500 ரூபாய்க்குப் பெரும்பாலும் 2ஆம் அல்லது 3ஆம் தலைமுறை பிராசசர்தான் வரும், அதோடு எச்61 என்ற பழைய போர்டும் (எல்லாப் பாகமும் உட்காரும் மதர்போர்டு), டிடிஆர்3 என்ற பழைய வகை ராமும் (வேலை நடக்கும்போது பயன்படும் மெமரி). விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் தருவதற்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் கும்பிடு போட்டுவிட்டது, விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் குறைந்தது 8ஆம் தலைமுறை வேண்டும் என்கிறார்கள். சரி, பிராசசரை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அந்த போர்டு 3ஆம் தலைமுறைக்கு மேல் ஏறாது. நாளைக்கு வேறு போர்டு வாங்கினால் அந்த ராம் அதில் ஏறாது. பழைய மெஷின் வாங்குவது தப்பே இல்லை, என் கடையில் பில் போடுவதற்கு அப்படி ஒன்றுதான் ஓடுகிறது. ஆனால் நான் அதைப் பழையது என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்கினேன்.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ், டிடிபி கடை. 14 வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கொஞ்சம் இருந்தது. மகள் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், கையில் இருந்தது 30 ஆயிரம். லேப்டாப் வாங்குவதைவிட தனித்தனியாகப் பாகம் வாங்கி நாமே மாட்டினால் அதே காசுக்கு நல்ல மெஷின் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு இன்றைக்கும் சரிதான். விடியற்காலை ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, கம்ப்யூட்டர் பாகக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு ஆட்டோ பிடித்தேன். கடை திறக்கும் முன்பே போய் நின்றது நான் ஒருவன்தான்.

அங்கே எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டு, எது எங்கே குறைவோ அதை அங்கே வாங்கினேன். பிராசசர் ஒரு கடை, போர்டு ஒரு கடை, ராம் இன்னொரு கடை. ஐ3-12100 என்று கேட்டேன், ஒரு கடையில் மற்ற இடங்களைவிட இரண்டாயிரத்துக்கும் மேல் குறைத்துச் சொன்னார்கள். அன்றைக்கு அதிர்ஷ்டம் நம் பக்கம் என்று நினைத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, நானும் மகளும் உட்கார்ந்து மாட்டினோம். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் "நோ சிக்னல்" என்ற பெட்டி அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் மிதக்கிறது. ராமைக் கழற்றி, ரப்பர் வைத்துத் தேய்த்துத் திரும்பப் போட்டேன் (புது ராமை!). ஸ்லாட் மாற்றிப் போட்டேன். எச்டிஎம்ஐ வயரை மாற்றினேன், பக்கத்து வீட்டு டிவியில் கூடச் செருகிப் பார்த்தேன். இரண்டு ராத்திரி இப்படியே போனது. மூன்றாம் நாள் மகள்தான் பிராசசர் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, 12100க்குப் பக்கத்துல எஃப்னு போட்டிருக்கே, அது என்ன?"

அந்த எஃப் என்றால் பிராசசருக்குள் கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது என்று அர்த்தம். தனியாக கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர்களுக்காகக் குறைந்த விலையில் விற்கிறார்கள், அவர்களுக்கு அது லாபம்தான். கார்டு இல்லாத எனக்குத் திரையில் ஒரு புள்ளி கூட வராது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். அது வெறும் ஓட்டைதான், படம் உள்ளேயிருந்து வர வேண்டும். இன்டெல்லுக்குப் போட்டி கம்பெனியான ஏஎம்டியில் கதை நேர் எதிர். ரைசன் 5600 என்றால் படம் வராது, 5600ஜி என்றால் வரும். இன்டெல்லில் எஃப் கூடினால் படம் போய்விடும், ஏஎம்டியில் ஜி கூடினால்தான் படம் வரும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வரிசையில் இது மறுபடி மாறுகிறது, அங்கே 7600இல் ஜி இல்லாமலே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை. மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்காதா?

கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "சார், பொருள்ல குறை ஏதாவது இருக்கா? இல்லை. சீல் உடைச்சாச்சு, நான் எப்படி திரும்ப எடுக்கிறது?" யோசித்தால் அவர் சொன்னது நியாயம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் என் பிராசசரில் குறை இல்லை, போர்டில் குறை இல்லை, ராமில் குறை இல்லை. மாப்பிள்ளை நல்லவன், பெண்ணும் நல்லவள், ஜாதகம்தான் பொருந்தவில்லை. இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது? கடைசியில் ஜிடி 710 என்ற ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினேன். மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய், மேலேயும் கொஞ்சம் போனது.

அன்றைக்கு வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் "கம்ப்யூட்டர் ஸ்பேர்ஸ் - 1" என்று இருக்கிறது. எஃப் என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்று கேட்டிருப்பேன். ஜிஎஸ்டி பில்லில் பொருளின் விவரம் இருக்க வேண்டும் என்பது விதி, ஸ்பேர்ஸ் என்பது என்ன விவரம்? 18 சதவீதம் வரியை மட்டும் பைசா சுத்தமாகப் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு தெருவில், தெரிந்தவர்களுக்கு என்று ஏழெட்டு செட் மாட்டிக் கொடுத்துவிட்டேன், சூடு கண்ட பூனை ஆயிற்றே. எல்லாரும் பிராசசரில்தான் ஆரம்பிக்கிறார்கள், நான் இப்போது போர்டில் ஆரம்பிக்கிறேன். போர்டின் முழுப்பெயர் கைக்கு வந்துவிட்டால் எந்த பிராசசர், எந்த ராம், எந்த டிஸ்க் என்பதெல்லாம் அதைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் பட்டியலாகவே இருக்கிறது. முழுப்பெயர் என்றால் முழுப்பெயர். எச்610 என்று மட்டும் சொன்னால் போதாது, அதே எச்610இல் டிடிஆர்4 எடுப்பதும் உண்டு, டிடிஆர்5 எடுப்பதும் உண்டு, பெரும்பாலும் பெயரின் வாலில் இருக்கும் டி4 அல்லது டிடிஆர்4 என்பதில்தான் வித்தியாசம். இரண்டு ராமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் சற்றுத் தள்ளி இருக்கும். உட்காரவில்லையே என்று கட்டை விரலால் அமுக்கி ஸ்லாட்டை உடைத்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பின் எண்ணிக்கையை மட்டும் நம்பினாலும் ஆபத்து. எல்ஜிஏ1151 என்ற சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம், 1151 என்பது பின் எண்ணிக்கை) இன்டெல் 6, 7ஆம் தலைமுறையும் வந்தது, 8, 9ஆம் தலைமுறையும் வந்தது. பிராசசர் போய் அழகாக உட்காரும், ஆனால் எச்110 போர்டில் 8ஆம் தலைமுறை உயிர் பெறாது, அதற்கு எச்310 மாதிரி 300 வரிசை போர்டு வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பரவாயில்லை, பல வருடம் அதே சாக்கெட்டை வைத்திருந்தார்கள், ஆனால் 2018இல் வந்த பி450 போர்டில் 2020 கடைசியில் வந்த ரைசன் 5000 வரிசையைப் போட வேண்டுமானால் பயாஸை (போர்டை எழுப்பிவிடும் மென்பொருள்) புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்க மெஷின் ஓட வேண்டும், மெஷின் ஓட பழைய பிராசசர் வேண்டும். சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென் டிரைவில் பயாஸ் ஏற்ற ஒரு பட்டன் இருக்கும், இல்லையென்றால் கடையிலேயே ஏற்றித் தரச் சொல்லிவிட வேண்டும்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. கேபினட்டோடு இலவசமாக ஒன்று வரும், மேலே 450 வாட் என்று பெரிதாக ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரிலேயே கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 16ஆல் பெருக்குங்கள், 192 வாட். இன்றைய மெஷின் முக்கால்வாசி குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு மெஷினுக்கு அது கூடப் போதலாம், ஆனால் 450 என்று நம்பி நாளைக்கு ஒரு கார்டு வாங்கிச் செருகுவீர்கள் பாருங்கள், அன்றைக்குத் தெரியும். அப்புறம் பிராசசருக்குப் போகிற 8 பின் வயரும் கார்டுக்குப் போகிற 8 பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே பிளஸ் மைனஸ் தலைகீழ். ஒன்று 4+4 ஆகப் பிரியும், மற்றது 6+2 ஆகப் பிரியும். நுழையவில்லையென்றால் அமுக்காதீர்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன எம்.2 டிஸ்க்கில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ஜாதி, புது போர்டுகள் பலவற்றில் என்விஎம்இ மட்டும்தான் ஓடும். வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால் விஜிஏ ஓட்டை உள்ள போர்டாகப் பாருங்கள், எச்610இல் நிறையவே உண்டு. பட்ஜெட் போர்டில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. பிராசசரிலேயே கிராபிக்ஸ் உள்ள மெஷினுக்கு 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபியாக இரண்டு போடுங்கள், படத்துக்கும் அந்த ராம்தான், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு என்று மெமரி கம்பெனிகள் திரும்பியதில் ராம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் தப்பான ராம் வாங்குவது முன்பைவிட இப்போது அதிகம் வலிக்கும். போர்டின் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள், வாரன்டிக்குப் போகும்போது கேட்பார்கள்.

ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள், 500 ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்லை. அங்கேயே மேஜை மேல் வைத்து மாட்டி, மானிட்டரில் படம் வந்த பிறகு பணம் கொடுங்கள். கேட்டால் பாதிக் கடைகளில் செய்கிறார்கள், கூட்டம் இல்லாத காலை நேரமாக இருந்தால் டீ கூட வாங்கித் தருவார்கள். பில்லில் மூன்றின் முழு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கம்ப்யூட்டர் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் பிராசசரின் முழு எண், போர்டின் பெயர், ராம் டிடிஆர் எத்தனை, இந்த மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது?

நான் போன் பண்ணிய அந்த 12,500 ரூபாய்க்காரர் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கேபினட் கதவைத் திறந்து, உள்ளே நீல விளக்கெல்லாம் எரியவிட்டு எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தால் போர்டின் ஓரத்தில் எச்61 என்று தெளிவாகத் தெரிகிறது. "மானிட்டரோடு 5,000க்கு வருமா?" என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
விழுப்புரம்.